காருக்குள் வந்த மழைநீர்: தருமபுரத்துப் பக்கக் கராஜ் ஒன்றில் நான்கு நாள்

கார்த்திகை மழை தொடங்கிய இரண்டாம் கிழமை, பாடசாலை வாசலில் காரை நிறுத்திவிட்டு, இடப்பக்க முன் இருக்கையின் காலடியில் வைத்திருந்த கொப்பிக்கட்டைத் தூக்கியபோது அதன் அடியிலிருந்த நான்கு கொப்பிகள் ஊறி, மை கலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. காப்பெட்டைக் கையால் அமுக்கினால் விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. அதற்கு முந்திய ஒரு மாதமாகவே காலையில் உள்கண்ணாடி வேர்ப்பதையும், ஏ.சி.யைப் போட்டவுடன் ஈரச்சாக்கு நாற்றம் எழுவதையும் கவனித்திருந்தேன். மழைக்காலத்தில் எல்லாம் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். விட்டிருக்கக்கூடாது.

எனது வாகனம் 2014 ஆம் ஆண்டின் சுசுகி வகன் ஆர். 2019 இல் இரண்டாம் கையாக வாங்கியது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வாகனத்தை விற்று வேறொன்று வாங்கும் எண்ணமே எங்கள் பக்கத்தில் பலருக்கு இல்லாமற் போய்விட்டது. வழி திறந்த பின்னரும் விலைகள் ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கு எட்டும் உயரத்தில் இல்லை. ஆகவே இந்தக் கார் இன்னும் பல வருடம் ஓடியாக வேண்டும் என்பதும், அதன் தளத்தகடு துருவேறக் கூடாது என்பதும் எனக்கு வெறும் அழகுப் பிரச்சினைகள் அல்ல.

முதலில் கொண்டுபோன இடத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை, பெயரையும் சொல்லவில்லை. காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, முன் கண்ணாடியின் ஓரத்தால் ஒழுகுகிறது என்று சொல்லி, கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கன் பூசி, ரூபா 16,500 வாங்கினார்கள். தண்ணீர் ஊற்றிச் சோதிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மழை பெய்தது. காலடி மறுபடியும் நனைந்தது. திரும்பப் போனபோது இன்னொரு சுற்றுச் சிலிக்கன் பூசலாம் என்றார்கள்.

கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில், பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் இந்தக் கராஜை எங்கள் பாடசாலை வான் சாரதிதான் காட்டினார். பெயர்ப்பலகை கிடையாது. நான்கு பனங்குற்றிகளின் மேல் போட்ட தகரக் கொட்டில், அதன் முன்னால் கிறவல் பரப்பிய முற்றம், ஒரு கிணறு, கிணற்றடியில் நீண்ட ஹோஸ். நடத்துகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். உதவிக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவர். பார்த்தவுடன் நம்பிக்கை வரக்கூடிய இடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நம்பிக்கை அவர் கேட்ட கேள்விகளால் வந்தது. பொனற்றைத் திறக்குமுன் கால்மணி நேரம் கேள்விதான். "நிண்ட இடத்தில நனையுதோ, ஓடேக்க நனையுதோ ரீச்சர்? வெயில் நாளில ஏ.சி. போட்டு ஓடினாலும் ஈரம் வருதோ? வீட்டில எந்தப் பக்கம் சரிவா விடுறனீங்கள்?" என்று அவர் கேட்டபோது, கடைசிக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், பாடசாலையில் சமதரையில் ஒரு வேம்பின் கீழே விடுகிறேன். வீட்டிலோ, போட்டிக்கோவில் லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) நிற்பதால், காரின் மூக்கு மேலே பார்க்கும்படி வாசற் சரிவில், புளியமரத்தின் கீழே விடுகிறேன். நனைவது பெரும்பாலும் வீட்டில் நின்ற இரவுகளுக்குப் பின்னர்தான். ஒன்றரை மாதமாக இதைக் கண்முன்னே வைத்துக்கொண்டு நான் ஒருமுறைகூடச் சேர்த்துப் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவர் செய்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கராஜுக்குக் கொடுக்கும் காசு முழுவதும் இதற்குத்தான். முதலில் காப்பெட்டில் ஊறியிருந்த நீரை விரலால் தொட்டுத் தேய்த்து மணந்து பார்த்தார்; இயந்திரத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிந்தால் வழுவழுப்பும் இனித்த மணமும் இருக்குமாம், இது வெறும் தண்ணீர். அடுத்து ஏ.சி.யை இருபது நிமிடம் ஓடவிட்டுக் காரின் அடியில் குனிந்து பார்த்தார். ஏ.சி. காற்றிலிருந்து பிரிக்கும் ஈரம் ஒரு சிறு குழாய் வழியாக வெளியே சொட்ட வேண்டும், அந்தக் குழாய் அடைத்தால் அதே நீர் இடப்பக்கக் காலடியில்தான் வந்து விழும் என்றார். எங்கள் காரில் கிறவலில் ஒழுங்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. இருக்கைப் பட்டியை முழு நீளத்துக்கு இழுத்து அதன் கடைசிப் பகுதியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்றும் பார்த்தார். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் கிடந்தபோது மூழ்கிய வாகனங்கள் கழுவித் துடைக்கப்பட்டு விலைப்பட்டிருக்கலாம், அதற்கு அடுத்த வருடம் வாங்கிய காரில் இதைப் பாராமல் விடக்கூடாது என்பது அவர் வாதம். பட்டி சுத்தமாக இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு டாஷ்போட்டின் இடப்பக்கப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் ஏ.சி. பில்டரை உருவினார். இந்த ஒரு பொருளை நான் மறக்கமாட்டேன். மேற்பாதி சாம்பல் நிறத்தில் காய்ந்திருந்தது. கீழ்ப்பாதியில் தேநீர்க் கோப்பையின் அடிக்கறை போல மண்ணிறக் கோடுகள் அடுக்கடுக்காக ஏறியிருந்தன, மடிப்புகளுக்குள் கறுப்புப் பூஞ்சணம், இரண்டு புளியமிலைகள். ஒவ்வொரு கோடும் ஒரு மழை. கதவாலோ கண்ணாடி ஓரத்தாலோ வரும் நீர் பில்டரைத் தொட வழியில்லை, ஆகவே நீர் காற்று உள்ளே இழுபடும் வாயால்தான் வருகிறது என்று அவர் சொல்வதற்கு இதுவே போதுமாக இருந்தது. பெட்டியைக் கழற்றிப் பில்டரை உருவ ஐந்து நிமிடம் செல்லாது; காலடியில் ஈரம் காண்கிற எவரும் கராஜுக்குப் போகுமுன் தாங்களே பார்க்கலாம்.

ஆனாலும் அவர் அத்துடன் விடவில்லை. தம்பி ரோச் லைற்றுடன் உள்ளே தலைகீழாகப் படுத்துக்கொள்ள, இவர் ஹோஸை மெல்லிய ஓட்டத்தில் வைத்துக் கீழிருந்து மேலாக ஊற்றிக்கொண்டு வந்தார். மேலே தொடங்கினால் வழிகிற நீர் எல்லா இடத்தையும் நனைத்து எதுவும் தெரியாமற் போய்விடுமாம். அழுத்தமாகப் பீய்ச்சினால் நல்ல ரபரையும் தாண்டி உள்ளே வந்து பொய்சாட்சி சொல்லுமாம். கதவின் கீழ்ப்பகுதிக்குப் பத்து நிமிடம், கண்ணாடி ஓரத்துக்குப் பத்து நிமிடம், வைப்பருக்குக் கீழுள்ள பிளாஸ்திக் சல்லடைக்குப் பத்து நிமிடம். சமதரையில் ஒன்றும் வரவில்லை. முன் சக்கரங்களை இரண்டு மரக்குற்றிகளில் ஏற்றி, எங்கள் வீட்டுச் சரிவை அப்படியே உண்டாக்கிச் சல்லடையில் ஊற்றிய மூன்றாவது நிமிடம், "அண்ணை, வருது!" என்று தம்பி கத்தினார். முகத்தில் நேராக விழுந்திருக்கிறது.

வைப்பர்களைக் கழற்றிச் சல்லடையைத் தூக்கியபோது காரணம் கிடந்தது. முன் கண்ணாடியில் வழிகிற மழைநீரை வாங்கி இரு ஓரத்தாலும் வெளியே விடும் அந்தத் தொட்டியின் இடப்பக்க வாய், புளியமிலையும் வேப்பம்பூவும் கிறவல் தூசியும் மக்கி இறுகிய கறுப்புக் களியால் அடைபட்டிருந்தது. புளியமிலை எந்தச் சல்லடைக் கண்ணுக்குள்ளும் நுழையும். களியின் மேல் இரண்டு இலை விட்ட ஒரு வேப்பங்கன்று நின்றது. தம்பி அதை வேரோடு எடுத்துக் கிணற்றடியில் நட்டுவிட்டார். வாய் அடைத்தால் தொட்டியில் நீர் ஏறும்; காரின் மூக்கு உயர்ந்து நின்றால் ஏறிய நீர் பின்னால், அதாவது காற்று இழுக்கும் வாயின் பக்கம் சாயும்; அங்கிருந்து காற்றைத் தள்ளும் விசிறியான புளோவர், பில்டர், காலடி. எங்கள் வீட்டு வாசலும் எங்கள் வீட்டுப் புளியும் சேர்ந்து செய்த வேலை. சல்லடைக்குக் கீழே கொசுவலைத் துண்டு வைத்தால் என்ன என்று கேட்டேன். வலையிலேயே இலை படுத்துத் தண்ணீர் வேறெங்காவது போகும், வருடத்துக்கு ஒருக்கால் புரட்டாதி கடைசியில் திறந்து துடையுங்கள், அது போதும் என்றார். சரியான பதில் என்றே நினைக்கிறேன்.

அன்றே காரைத் தந்திருந்தால் நான் மகிழ்ந்து போயிருப்பேன், ஒரு மாதத்தில் திரும்பவும் வந்திருப்பேன். கதவின் ஓரமாகத் தளத்தில் இன்னொரு ஈரக்கோடு இருந்ததை அவர் முதலிலேயே கண்டிருந்தார். தட்டில் இருந்த குழந்தைப் பவுடரைக் கதவின் உட்படியில் தூவிவிட்டுக் கதவுக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஊற்றினார். பவுடரில் ஒரு புழு ஊர்ந்தது போலத் தடம் விழுந்தது. கதவுக் கண்ணாடியோடு கதவுக்குள் நீர் இறங்குவது இயல்பு, அது கதவின் அடியிலுள்ள துவாரங்களால் வெளியேறிவிடும். அந்த நீர் உட்பக்கம் தாண்டாதபடி உள்மட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்திக் தாள் ஒட்டப்பட்டிருக்கும். எனக்கு முதல் இந்தக் காரை வைத்திருந்தவர் ஒலிபெருக்கி மாற்றியபோது அந்தத் தாளைக் கிழித்து, செலோரேப்பால் ஒட்டியிருந்தார்கள். செலோரேப் எப்போதோ கழன்றுவிட்டது. இவர் கிழிந்த தாளை எடுத்தெறிந்து, கனமான புதிய தாளை வெட்டி, கறுப்புப் பியூட்டைல் பசை நாடாவால் சுற்றிவர ஒட்டினார்.

காய வைத்தல்தான் நீண்ட வேலை. காப்பெட் மேலே காய்ந்தாலும் அதன் அடியிலுள்ள பஞ்சு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதைத் தூக்காமல் விட்டால் ஒழுக்கு நின்ற பின்னரும் நாற்றம் நிற்காது, தகடும் அடியிலிருந்து அரிபடும். வகன் ஆரில் இதற்கு மேலும் ஒரு பயம் உண்டு. 2012 இல் வந்த மாதிரி முதல், பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்தைச் சேமிக்கும் சிறிய லிதியம் பற்றரியை சுசுகி இடப்பக்க முன் இருக்கையின் அடியில்தான் வைத்திருக்கிறது. நீர் தேங்கியதும் அதே பக்கம். பொனற்றுக்குள் இருக்கும் பற்றரியின் வயரை முதலில் கழற்றி, சிறிது நேரம் பொறுத்து, அதன் பின்னரே இருக்கையை எடுத்தார். லிதியம் பற்றரியைச் சுற்றி நீர் ஏறிய அடையாளம் இல்லை என்பதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பஞ்சைப் பிழிந்தபோது அரை வாளி தண்ணீர் வந்தது. தளத்தில் இரண்டு இடத்தில் மேல்துரு. சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசினார். வானம் மூடியிருந்ததால் காப்பெட்டும் பஞ்சும் கொட்டிலுக்குள் மின்விசிறியின் முன்னால் மூன்று நாள் தொங்கின.

பூசியிருந்த சிலிக்கனையும் சுரண்டி எடுத்தார். காயும்போது வினாகிரி மணக்கும் சிலிக்கன் அமிலத்தை விடும், வர்ணம் போன தகட்டில் பட்டால் அரிக்கும். கண்ணாடிக்கு உரியது பொலியூரதேன் பசை என்றார். ரூபா 16,500 கொடுத்துத் துருவுக்கு வழி செய்துகொண்டேன் என்பதை இரண்டு நாளாக வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

மொத்தம் ரூபா 18,300 எடுத்தார்: கூலி 14,000, பில்டர் 2,800, மீதி பசை நாடாவுக்கும் பூச்சுக்கும். தண்ணீர் ஊற்றிச் சோதித்த அரைநாளுக்குத் தனியாக எதுவும் சேர்க்கவில்லை, சேர்த்திருந்தாலும் மறுத்திருக்கமாட்டேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல்நாள், நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி நான்காம் நாள்தான் தந்தார். காய நாள் எடுக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல, முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாடசாலைக்கு வேறு ஒழுங்கு செய்திருப்பேன். பற்றுச்சீட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது, அதுவும் கொப்பித் தாளில். சாரதிப் பக்க வைப்பரை ஒரு பல்லு தள்ளிப் பூட்டியதால் அது கண்ணாடி ஓரச் சட்டத்தில் தட்டியது. திரும்பப் போனபோது மன்னிப்புக் கேட்டு ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார், ஆனால் அதற்காக நான் இன்னொருமுறை போய்த் திரும்பிவர வேண்டியிருந்தது. காத்திருப்பவர்கள் இருக்க ஒரு வாங்குகூட இல்லை. கொட்டிலுக்குள் ஒரு கார்தான் நிற்கும், மற்றவை மழையில் நிற்கும். ஒழுக்குத் திருத்தப் போகிற காருக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான்.

கண்ணாடி கழற்றிப் பூட்டும் வேலையை அவர் செய்வதில்லை, கூரையில் கண்ணாடி உள்ள வாகனங்களையும் ஏற்பதில்லை; இரண்டுக்கும் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகச் சொல்கிறார். காசாகவே கொடுக்க வேண்டும். போகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்னர் போவது நல்லது, ஏனெனில் பின்னேரம் உழவு இயந்திரங்கள் வந்து முற்றத்தை நிரப்பிவிடுகின்றன. கார் வீட்டில் எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறது, எந்த மரத்தின் கீழே நிற்கிறது, கடைசியாக எந்த நாளில் நனைந்தது என்பவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான். எனது கார் திரும்பி வந்த பின்னர் மார்கழியில் இரண்டு பெருமழை பெய்துவிட்டது, இப்போதும் அதே சரிவில், அதே புளியின் கீழேதான் நிற்கிறது. காலடியில் விரித்துவைத்த பத்திரிகைத்தாள் காய்ந்தபடியே கிடக்கிறது. கொப்பிக்கட்டை மட்டும் இன்னும் பின் இருக்கையில்தான் வைக்கிறேன்.