கடலூரில் மினி ஹிட்டாச்சி வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எடுங்கள்

2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்தபோது, குண்டு உப்பலவாடிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. வடிந்த பிறகு பார்த்தால், பழைய செப்டிக் டேங்க் மணலால் அடைந்து ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. அதைப் புதிதாகக் கட்டவும், கொல்லையிலிருந்து தெருக் கால்வாய் வரை அறுபதடிக்குப் பைப் பதிக்கவும் பள்ளம் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் சந்தின் அகலம் ஆறடிதான். ஜேசிபி ஏழடிக்கு மேல் அகலம் என்பதால் உள்ளே நுழையாது. அதனால் மண் தோண்டும் சிறிய வண்டியான மினி ஹிட்டாச்சி தேடினோம். எந்தக் கம்பெனி வண்டியானாலும் நம் பக்கம் அதற்கு ஹிட்டாச்சி என்றுதான் பெயர்.

தெரிந்தவர் மூலம் ஒரு புரோக்கரின் எண் கிடைத்தது. மணிக்கு 1,200 ரூபாய், லாரியில் ஏற்றி இறக்க 2,500 ரூபாய், எப்படியானாலும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் கணக்கு என்று பேசி, 3,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். பேசியது எல்லாம் போனில்தான். எழுத்தில் ஒரு வரிகூட வாங்கவில்லை.

காலை எட்டு மணிக்கு வரவேண்டிய வண்டி 10:40க்குத்தான் தெருமுனைக்கு வந்தது. இறக்கி, சந்துக்குள் நுழைத்து, முதல் பக்கெட் மண் எடுத்தபோது 11:20. இந்த வண்டிகளில் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று இருக்கும். அதன் கடைசி இலக்கம் ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை மாறும். எங்களுக்கு வந்த வண்டியில் அந்தக் கண்ணாடி முழுவதும் கிரீஸ் அப்பியிருந்தது. துண்டால் துடைத்துப் பார்த்தேன், 4318.6 என்று காட்டியது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் அதே 4318.6. கேட்டதற்கு, "அது ரொம்ப நாளா ஓடல சார், டைம் பாத்துதான் போடுவாங்க" என்றார் ஓட்டுநர். அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, எந்த நேரத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று புரோக்கரிடம் நான் பேசி முடித்திருக்க வேண்டும். பேசவில்லை. ஆனால் அப்போதிருந்து ஒவ்வொரு நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வந்தேன்.

மதியச் சாப்பாடு 1:15 முதல் 2 மணி வரை. 2:50க்கு, வண்டியின் கையை இயக்கும் எண்ணெய் போகும் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்து, எண்ணெய் பீய்ச்சியடித்து, வண்டி நின்றுபோனது. வேறு ஹோஸ் வாங்கி வந்து மாட்டும்போது 4:40 ஆகிவிட்டது. 6:30க்கு விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். உண்மையில் மண் எடுத்த நேரம் 4 மணி 35 நிமிடம். மண் அள்ளும் பக்கெட்டில் ஒரு அடி அகலமுள்ளதை மட்டும் கொண்டுவந்திருந்தார்கள். பைப் பள்ளத்துக்கு அது சரி, டேங்க் பள்ளத்துக்கு இரண்டு அடி பக்கெட் இருந்திருந்தால் அதிலும் நேரம் குறைந்திருக்கும்.

புரோக்கர் போட்ட கணக்கோ 10 மணி நேரம். லாரி அவர்கள் இடத்தை விட்டுக் கிளம்பிய 8:30 முதல் மாலை 6:30 வரை, சாப்பாடும் ஹோஸ் வெடித்து நின்ற நேரமும் சேர்த்து 12,000 ரூபாய், லாரிக்கு 2,500, ஓட்டுநர் பேட்டா 500, ஆக 15,000. என் கணக்கில் தாராளமாக ஐந்து மணி நேரம் வைத்தாலும் 8,500 ரூபாய்தான் வரும். மறுத்தபோது வண்டியை லாரியில் ஏற்றாமல் சந்தின் வாயிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இரண்டு வீட்டாரின் ஆட்டோக்கள் மாட்டிக்கொண்டன. பக்கத்தாருக்குத் தொல்லை வேண்டாம் என்று மீதி 12,000 ரூபாயைக் கொடுத்தேன். கையில் கிடைத்தது பெயரோ முகவரியோ இல்லாத ஒரு துண்டுச்சீட்டு.

பணத்தைவிடப் பெரிய இழப்பு அதற்குப் பின்புதான் நடந்தது. டேங்குக்கு எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஏழடி ஆழம் சொல்லியிருந்தேன். எங்கள் பகுதி மணற்பாங்கு. ஐந்தடியிலேயே நீர் ஊறிவிட்டது. நீர் ஊறிய மணல் அடியிலிருந்து சரியும், மேலே உள்ளது அதன் பின்னால் வரும். அப்படிப்பட்ட இடத்தில், தோண்டிய மண்ணைப் பள்ளத்தை விட்டுத் தள்ளிக் கொட்டச் சொல்லியும், வண்டியின் கையைத் திருப்பச் சுலபம் என்பதற்காகப் பக்கத்து வீட்டு மதிலுக்கும் பள்ளத்துக்கும் இடையிலேயே குவித்தார் ஓட்டுநர். வண்டி போன பிறகு மதில் பூச்சில் நூல் போல ஒரு கோடு தெரிந்தது. இரவு எட்டு மணிக்கு அதில் விரல் நுழைந்தது. விடிவதற்குள் பன்னிரண்டு அடி மதில் பள்ளத்துக்குள் கிடந்தது. கணவரை இழந்து தனியாக இருக்கும் அந்த வீட்டு அம்மா, "ஆளு யாரும் இல்லாம போச்சே, அதுவே போதும் தம்பி" என்றார். அந்தச் சொல் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

புரோக்கரைக் கேட்டால் "ஓட்டுனவர கேளுங்க" என்கிறார். ஓட்டுநர் "ஓனர கேளுங்க" என்கிறார். ஓனர் என்பவர் பண்ருட்டிப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர் எண்ணை இருவருமே தரவில்லை. வண்டியில் நம்பர் பிளேட் இல்லை. லாரியின் எண்ணை என் மகன் படம் எடுத்து வைத்திருந்தது ஒன்றுதான் இன்று எங்களுக்கு ஆதாரம்.

ஆகவே, வண்டி எடுப்பவர்கள் முதலில் ஓனர் யார் என்று கேட்டு, அவரிடமே பேசுங்கள். மணிக் கணக்கு எப்போது தொடங்கும், ரிப்பேருக்கும் சாப்பாட்டுக்கும் நிற்கும் நேரம் கழியுமா, பேட்டா தனியா, என்ன பக்கெட் வரும், சுவரோ குழாயோ உடைந்தால் யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி, "சரி" என்ற பதிலை வாங்கிய பிறகே முன்பணம் அனுப்புங்கள். மீட்டரை வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். எஞ்சின் சும்மா ஓடினாலும் அது ஏறும் என்பதால், வேலை நிற்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். மீட்டர் ஓடாத வண்டியை இறக்கவே விடாதீர்கள்.

மதிலைக் கட்டித்தர வந்த கொத்தனார், ஆற்றோர மணலில் இப்படித் திறந்த பள்ளம் எடுத்திருக்கவே கூடாது, வட்ட வளையமான சிமெண்ட் உறை இறக்கி உள்ளிருந்து மண் எடுத்திருந்தால் மதில் நின்றிருக்கும் என்றார். மதிலுக்கு 18,000 ரூபாய் ஆனது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால் அங்கும் மனு கொடுக்கப் போகிறேன். நேரம் குறித்த தாளையும் லாரி எண் தெரியும் படத்தையும் அதனுடன் இணைக்கப் போகிறேன்.