நோட்டீஸா, வாட்ஸ்அப்பா, பாக்கெட்டோடு போகும் அட்டையா?

ஏற்காட்டில் காபித்தூளும் மிளகும் விற்கும் ஒரு சின்னக் கடை. சனி, ஞாயிறில் மேலே ஏறி வரும் வெளியூர்க்காரர் ஒரு தடவை வாங்கிவிட்டு இறங்கிவிடுவார். சேலத்துக் குடும்பமோ தூள் பிடித்துப்போனால் மாதாமாதம் வாங்கும். இருவருக்கும் சேர்த்து ஒரே நோட்டீஸ் அடிப்பதில்தான் பணம் வீணாகிறது.

பிட் நோட்டீஸ் சேலத்துக்காரருக்கானது. ஆஃப்செட் அச்சில் பெருஞ்செலவு பிளேட்டுக்கும் (அச்சுத் தகடு) மெஷினை ஓட்டத் தயார் செய்வதற்கும் போகும். 300 அடித்தாலும் 1,000 அடித்தாலும் பில்லில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே ஆயிரமே அடியுங்கள், ஆனால் ஊர் முழுக்கத் தூவாதீர்கள். அஸ்தம்பட்டிக்கு மஞ்சள் தாள், அம்மாபேட்டைக்கு ரோஸ் தாள் என்று பிரித்து, பேப்பர் ஏஜென்டிடம் கொடுங்கள். "இந்தத் தாளைக் கொண்டுவந்தால் 50 கிராம் மிளகு" என்று ஒரு வரி இருந்தால், எந்தப் பகுதி வேலை செய்தது என்பதைக் கல்லாவில் சேரும் தாளின் நிறமே சொல்லிவிடும்.

வாசகத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "தரமான பொருட்கள், நியாயமான விலை" என்று எந்தக் கடைதான் போடவில்லை? "காபி 80%, சிக்கரி 20%. வியாழன் வறுத்து வெள்ளி அரைக்கிறோம்" என்றால் வாங்குபவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. சிக்கரி கலந்த தூளில் இந்த விகிதத்தை லேபிளில் போடுவது எப்படியும் சட்டப்படி கட்டாயம்; சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. மறைக்க முடியாததைப் பெரிய எழுத்தில் போட்டுவிடலாமே.

வெளியூர்க்காரருக்கு நோட்டீஸ் பயன்படாது, அவருக்கு அட்டைதான். மூன்றரைக்கு இரண்டு அங்குலம், 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு). முன்பக்கம் மட்டும் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் போட்டால் பேனா மை ஒட்டாது. அரைத்த தேதியையும் வாங்கிய கலவையையும் பின்பக்கம் கையால் எழுதித் தருவதில்தான் அட்டையின் பலனே இருக்கிறது. தூளோடு சேர்த்து உள்ளே போடாதீர்கள், அச்சு மை உணவில் படக்கூடாது. சீல் செய்த பாக்கெட்டுக்கும் வெளிக்கவருக்கும் நடுவில் வையுங்கள். க்யூஆர் கோடு 2 செ.மீ.க்குக் குறைந்தால் மங்கலான சமையலறை வெளிச்சத்தில் ஸ்கேன் ஆவது சிரமம்.

வாட்ஸ்அப் மலிவுதான், தனியாக நிற்காது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம்; ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். போய்ச் சேரவில்லை என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. அட்டையில் "எண்ணைச் சேமித்து, 'காபி' என்று அனுப்புங்கள்" என்று இருக்க வேண்டும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அரைக்கிற அன்று காலையில் போட்டால் போதும்.

ஃப்ளெக்ஸ்? கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுபவர் எதையும் படிக்கமாட்டார். கடைக்குச் சற்று முன்னால், நேரான பாதையில், கடைப்பெயரும் "காபித்தூள்" என்ற சொல்லும் போதும். நூறு அடியிலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து 10 அங்குல உயரமாவது வேண்டும். சாலையோரத்தில் வைக்க அனுமதியும் தேவை.

எதை அடித்தாலும் அச்சகத்தில் மூன்று விஷயம் பாருங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு வேறு கணினியில் திறந்தால் தமிழ் குழம்பி, குப்பையாக நிற்கும். எழுத்துகளை கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றி வாங்குங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, அச்சில் புள்ளி புள்ளியாக வரும், டாக்குமென்டாக அனுப்புங்கள். வெட்டும்போது ஓரம் போகும் என்பதால் போன் எண்ணை விளிம்பிலிருந்து 3 மி.மீ.க்கு மேலேயே உள்தள்ளி வையுங்கள்.

கைக்காசு ஒன்றுக்குத்தான் வரும் என்றால் அட்டை. மே மாதக் கோடை விழாக் கூட்டம் ஏறுவதற்குள் 500 அட்டை கடையில் இருக்கட்டும். நோட்டீஸ் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.