கண்ணாடி நுரைக்கு எதைக் கலப்பது: சுண்ணாம்புக்கல்லா, கரித்தூளா, சிலிக்கான் கார்பைடா?

உடைந்த பாட்டிலையும் ஜன்னல் கண்ணாடியையும் மாவு போல அரைத்து, வாயு விடும் பொருள் ஒன்றைக் கொஞ்சமாகக் கலந்து, 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் தூள் இளகி, நுரைத்து, உப்பி எழும். ஆறியதும் கிடைப்பதுதான் கண்ணாடி நுரை, வெப்பம் கடக்காமல் காக்கும் பொருள். சூட்டைத் தடுப்பது கண்ணாடி அல்ல, அதற்குள் அடைபட்ட குமிழிகள்தான். அதனால் எதைக் கலக்கிறோம் என்பதே முதல் கேள்வி.

சுண்ணாம்புக்கல் தூள் மலிவு, எங்கும் கிடைக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சூடு 700 டிகிரியைத் தாண்டியதும் கரியமில வாயு ஒரேயடியாகக் கிளம்பும். அதில் பல குமிழிச் சுவர்கள் கிழிந்து, துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட துண்டு ஒன்றை எடை போட்டு, தண்ணீருக்குள் அமுக்கி வைத்து, மறுநாள் எடுத்துத் திரும்ப எடை போட்டுப் பாருங்கள். அது குடித்த நீரின் கனம் கையிலேயே தெரியும். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பிறகு என்ன காப்பு? ஒலியை அடக்கும் பலகைக்கு வேண்டுமானால் இந்தத் திறந்த துளைகள் நல்லது.

கரித்தூள் மூடிய குமிழிகளைத் தரும். ஆனால் தூள் இளகி ஒட்டுவதற்குள் உலைக் காற்று பட்டால் கரி வீணாக எரிந்துபோகும். ஒட்டிய பிறகு அதற்கு வேண்டிய ஆக்சிஜன் கண்ணாடிக்குள்ளிருந்தே, பெரும்பாலும் அதிலுள்ள சல்பேட் என்ற கந்தக உப்பிலிருந்து, வர வேண்டும். பல இடத்துக் கழிவைக் கலந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி உப்புவது இதனால்தான். இந்தக் கறுப்புக் கட்டியை உடைத்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். குமிழிக்குள் சிக்கியிருந்த ஹைட்ரஜன் சல்பைடு என்ற கந்தக வாயு அது. குமிழிகள் மூடியே இருந்தன என்பதற்கு அந்த நாற்றமே சாட்சி.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது சிலிக்கான் கார்பைடு. சாணைக்கல்லிலும் கறுப்பு உப்புத்தாளிலும் இருக்கும் அதே பொருள். விலை அதிகம்தான். ஆனால் 100 கிலோ தூளுக்கு இரண்டு மூன்று கிலோ போதும். கண்ணாடி நன்றாக இளகிய பிறகே மெல்ல வாயு விடுவதால் குமிழிகள் கிழியாமல் வளரும்.

சரி, நுரையைப் பெரிய கட்டியாகச் செய்வதா, சிறு துண்டுகளான சரளையாகச் செய்வதா? முதலில் சரளை செய்யுங்கள். கட்டியைப் பல மணி நேரம் மெதுவாக ஆற்ற வேண்டும். அதன் காப்புத் தன்மையே உள்சூட்டை வெளியே விடாது, அவசரப்பட்டால் விரிசல் விழும். சரளைக்கு அந்த விரிசல்தான் தேவை. உலையிலிருந்து வெளியே வரும் சூடான பாளம் காற்று பட்டதும் படபடவென்று தானாகவே துண்டு துண்டாக உடைந்துகொள்ளும்.