அம்பயரின் கண்ணுக்கு எந்தக் கண்ணாடி? கோவை மைதானங்களில் கண்டது

கூலிங் கிளாஸ் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் பெருமையாகச் சொல்வது, அது எவ்வளவு கறுப்பு என்பதைத்தான். கிரிக்கெட் அம்பயருக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். கோவையில் பல ஆண்டுகளாக லீக் ஆட்டங்களுக்கு நின்று வருகிறேன். சாம்பல், பழுப்பு, வெயிலுக்கேற்ப நிறம் மாறுவது என மூன்று வகை லென்ஸ்களையும் எல்லாப் பருவங்களிலும் அணிந்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பௌலர் முனையில் நிற்பவரின் கண்ணுக்கு ஒரே பந்தில் இரண்டு வேலை. பௌலரின் முன்கால், தாண்டக் கூடாத கோடான பாப்பிங் கிரீஸுக்குப் பின்னால் கொஞ்சமாவது இருந்ததா என்று கீழே பார்க்க வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் நிமிர்ந்து, 22 கெஜத்தின் மறுமுனையில் பந்து பேடில் பட்டதா மட்டையில் பட்டதா என்று பார்க்க வேண்டும். உச்சி வெயிலில், புதிதாகப் போட்ட சுண்ணாம்புக் கோட்டின்மேல் வெள்ளை ஷூவின் குதிகால் இறங்கும்போது இரண்டு வெள்ளையும் கலந்து விளிம்பே தெரியாமல் போகிறது. பழுப்பு லென்ஸில் கோடு லேசாக மஞ்சளித்து, மண்ணிலிருந்து பிரிந்து நிற்கிறது. குதிகாலின் நிழலும் தனியே தெரிகிறது. சாம்பல் நிறம் கண்ணுக்கு இதம்தான். ஆனால் பந்து பழசாகிக் கருத்த பிறகு, பின்னணியில் மரங்கள் இருந்தால் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

நிறம் மாறும் லென்ஸின் மீது பெரிய நம்பிக்கை வைத்திருந்தேன். ஆனால் வெப்பம் கூடினால் அது முழுதாகக் கறுப்பதில்லை. அந்த வேதிப்பொருளின் இயல்பே அப்படி. ஏப்ரல், மே மாதங்களில், மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கைவிட்டுவிடுகிறது. திடீரென்று மேகம் மூடினால் தெளிவதற்கும் சில நிமிடங்கள் ஆகின்றன. மார்கழி காலை ஆட்டங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். போலரைஸ்டு லென்ஸ் புல்லின் பளபளப்பை அருமையாக அடக்கும். ஆனால் தலையைச் சற்றுச் சாய்த்தாலே டிஜிட்டல் கைக்கடிகாரத்தின் திரை இருண்டுவிடும். ஓவர் நேரத்தைக் கணக்கிட வேண்டியவருக்கு அது தொல்லை.

எந்த நிறமானாலும், புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் யுவி 400 அவசியம். அது இல்லாத கறுப்புக் கண்ணாடி, கண்ணின் கருமணியை விரியவைத்துப் புற ஊதாக் கதிர்களை இன்னும் தாராளமாக உள்ளே விடுகிறது. பகல் ஆட்டத்துக்கு 8 முதல் 18 சதவீத ஒளியை உள்ளே விடும் ‘கேட்டகரி 3’ வகை லென்ஸ் போதும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மைதானத்து மண்ணையெல்லாம் முகத்தில் அள்ளி அடிக்கும். அப்போது பக்கவாட்டில் வளைந்து மூடும் பிரேம் பெரும் துணை. முகத்தோடு முழுக்க ஒட்டக் கூடாது; புருவத்தருகே காற்று போய்வர இடம் இல்லையென்றால் வியர்வையில் லென்ஸ் மங்கிவிடும். தூசியைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். தண்ணீர் இடைவேளையில் பாட்டில் நீரை ஊற்றிக் கழுவிய பிறகே துணியைத் தொடுகிறேன்.

சன்ஸ்கிரீனை நெற்றியில் பூசினால் வியர்வையோடு வழிந்து கண்ணைக் கரிக்கிறது. கன்னம், மூக்கு, கழுத்தோடு நிறுத்திக்கொண்டு, நெற்றியை அகலமான விளிம்புள்ள தொப்பியிடம் விட்டுவிடுகிறேன். விளிம்பின் அடிப்பக்கம் கரும்பச்சையாக இருந்தால் தரையிலிருந்து எழும் கூச்சமும் குறைகிறது.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2015 டிசம்பரில் திண்டுக்கல்லில் நடந்த ரஞ்சி ஆட்டத்தில், நேராக அடிக்கப்பட்ட பந்து ஆஸ்திரேலிய அம்பயர் ஜான் வார்டின் தலையைத் தாக்கியது. அடுத்த மாதம் கான்பெராவில் நடந்த இந்திய–ஆஸ்திரேலிய ஒருநாள் ஆட்டத்தில் அவர் ஹெல்மெட்டோடு நின்றார். அப்படிப்பட்ட பந்தை எந்தக் கண்ணாடியும் தடுக்காதுதான். ஆனால் சாதாரணக் கண்ணாடி லென்ஸ் சில்லு சில்லாக உடைந்து கண்ணுக்குள் போகக்கூடும். பாலிகார்பனேட் அவ்வளவு எளிதில் உடையாது.

பிட்ச்சைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகப் போடுவதால் பேட்ஸ்மேனுக்கும் பௌலருக்கும் தாழ்ந்த சூரியனின் தொல்லை இல்லை. அது முழுவதும் ஸ்கொயர் லெக்கில், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில் நிற்கும் அம்பயர் தலையில் விடிகிறது. மாலையில் மேற்கு நோக்கி நின்று ரன் அவுட்டுக்காகக் கிரீஸைப் பார்ப்பது கொடுமை. அந்த நேரத்தில் எந்த லென்ஸையும் நான் நம்புவதில்லை. இப்படி பேட்ஸ்மேன் முனையில் நிற்கும் அம்பயர் எதிர்ப்புறமான ஆஃப் பக்கத்துக்கு மாறி நிற்க விதி இடம் தருகிறது. பீல்டிங் அணியின் கேப்டன், ஆடும் பேட்ஸ்மேன், சக அம்பயர் மூவரிடமும் சொல்லிவிட்டு அந்தப் பக்கத்து இடமான பாயிண்ட்டுக்குப் போய்விடுங்கள்.