லே ஹால் ஆஃப் ஃபேம்: சியாச்சின் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள்

லடாக்கில், லே விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கார்கில் போகிற சாலையில் ராணுவமே நடத்தும் அருங்காட்சியகம் இது. பெரும்பாலும் எல்லோரும் கார்கில் போர்ப் பகுதியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் போனது சியாச்சின் பனிமலையில் ராணுவம் காவல் இருப்பதைக் காட்டும் பகுதிக்காக. என் அண்ணன் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர், அந்தப் பனிமலையில் டியூட்டி பார்த்தவர். வீட்டில் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அங்கே வைத்திருந்த பனி பூட்ஸையும் உடுப்பையும் பார்த்ததும்தான் பேச ஆரம்பித்தார்.

இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு வரிசையாக நடப்பார்களாம். பனிக்கு அடியில் பிளவு இருப்பது மேலே தெரியாது. ஒருவர் உள்ளே விழுந்தால் மற்றவர்கள் அந்த நொடியே தரையில் விழுந்து, பனிக்கோடரியை ஊன்றி, அவர் பாரத்தைத் தாங்க வேண்டும். "ரெஸ்க்யூ டீம் வர்றதுக்கு நேரமாகும்மா. முதல்ல தோண்டுறது பக்கத்துல இருக்கிறவன்தான்" என்றார்.

பிறகு சியாச்சினில் உள்ள சோனம் என்ற ராணுவக் காவல் முகாம் பற்றிச் சொன்னார். 2016 பிப்ரவரி 3, சுமார் 19,600 அடி உயரம். பனிச்சுவர் சரிந்து 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் 10 பேரை மூடியது. காங்கிரீட் மாதிரி இறுகிய பனிக்கட்டி. பாறை துளைக்கும் கருவி, மின்ரம்பம், ரேடார் எல்லாவற்றையும் அந்த உயரத்துக்குக் கொண்டுபோய், ராத்திரி பகலாக வெட்டினார்கள். டாட், மிஷா என்ற இரண்டு நாய்களும் மோப்பம் பிடித்துத் தேடின. ஆறாம் நாள், ஏறக்குறைய 25 அடி ஆழத்தில், லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். டெல்லிக்குக் கொண்டுபோயும் பிப்ரவரி 11 அன்று இறந்துவிட்டார். மற்ற ஒன்பது பேரும் பனிக்குள்ளேயே இறந்திருந்தார்கள்; அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அந்த ஒன்பது பேரில் ஒருவர் உடலையும் பனியிலேயே விட்டுவிட்டு வரவில்லை என்று சொல்லும்போது அண்ணனுக்குக் குரல் கம்மியது.

எங்களைக் கூட்டிப்போன டிராவல்ஸ்காரர் அரை மணி நேரம்தான் தந்தார். அது கொஞ்சமும் பத்தாது. வண்டி பேசும்போதே இரண்டு மணி நேரம் என்று சொல்லிவிடுங்கள். கீழே நினைவுப் பொருள் கடை இருக்கிறது. லே கிட்டத்தட்ட 11,500 அடி உயரம் என்பதால் வந்திறங்கிய அன்றே போகாமல், ஒருநாள் ஓய்வெடுத்துவிட்டுப் போங்கள். பட்டாளத்தில் இருந்தவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.