குளிர்சாதனப் பெட்டியின் கணக்கைக் காட்டிய மின்மானி

விசுவமடுவில் இரண்டு மாடு வைத்திருக்கிறோம். மிஞ்சுகிற பாலைத் தயிராக்கி விற்பதற்காகப் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றைக் கைமாற்றி வாங்கியிருந்தேன். பங்குனி மாத மின்பட்டியலில் 104 அலகு என்று வந்தது. 90 அலகைத் தாண்டினால் அலகு விலையோடு நிலையான கட்டணமும் ஏறிவிடும். அம்மா தொலைக்காட்சியைக் குறை சொன்னார், மகன் கிணற்று மோட்டாரைச் சொன்னான். அளந்து பார்க்காமல் எதைக் குறைப்பது? கிளிநொச்சிக் கடை ஒன்றில் 2900 ரூபா கொடுத்து, செருகியில் பொருத்தி அளக்கும் சிறிய மின்மானி வாங்கினேன். சுவரில் அதைச் செருகி, சாதனத்தை அதில் செருக வேண்டும். வோல்ட், அம்பியர், வாட், வலுக்காரணி, சேர்ந்துகொண்டே போகும் அலகு எல்லாம் திரையில் வரும்.

மலிவான பொருள் என்பதால் முதலில் அதையே சோதித்தேன். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சோறு சமைக்கும் குக்கரில் தண்ணீர் நிரப்பி இந்த மானி வழியாகப் போட்டேன். வெளிச்சுவரில் இருக்கும் மின்சார சபை மானியில் '1600 imp/kWh' என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது சிவப்பு விளக்கு 1600 தடவை சிமிட்டினால் ஒரு அலகு. மகன் கைக்கடிகாரத்தோடு நின்று எண்ணினான். ஐந்து நிமிடத்தில் 88 சிமிட்டல். கணக்குப் போட்டால் 660 வாட். உள்ளே திரையில் 657 நின்றது. குக்கரின் அடியில் 700 என்று எழுதியிருந்தாலும், எங்கள் பக்கத்தில் அந்த நேரம் 223 வோல்ட்தான் வந்தது, அதனால் குறைவு சரிதான். அந்த நிமிடமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்தது குளிர்சாதனப் பெட்டி. மின்வேலை செய்யும் தம்பி ஒருவர் முன்பு கவ்வி மானியால் (கம்பியைக் கவ்வி அம்பியரை அளப்பது) அளந்து, "0.85 அம்பியர் அக்கா, 230ஆல் பெருக்கினால் 195 வாட்" என்று சொல்லியிருந்தார். என் மானியும் அதே 0.85 அம்பியரைத்தான் காட்டியது, ஆனால் வாட் 128. வித்தியாசம் வலுக்காரணியில் இருக்கிறது. மோட்டார் உள்ள சாதனத்தில் அம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வருவது உண்மை வலு அல்ல. அதை வலுக்காரணியாலும் பெருக்க வேண்டும். இங்கே அது 0.66. பட்டியலில் ஏறுவது அந்த 128தான். கவ்வி மானியைக் குறை சொல்லவில்லை, அதன் வேலை வேறு.

இந்த 128ஐயும் 24 மணியால் பெருக்கக் கூடாது. பெட்டியின் அமுக்கி (கொம்பிரசர்) ஓடும், நிற்கும், பிறகு ஓடும். அதனால் ஒரு முழு நாள் விட்டு அலகை மட்டும் பார்த்தேன். 2.1. மாதத்துக்கு 63 அலகு! இரவில் கதவோரம் கை வைத்துப் பார்த்தேன். கீழ் மூலையில் குளிர்காற்று விரலில் பட்டது. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. புதிய ரப்பர் போட்டபின் அதே அளவு தயிரோடு மறுபடியும் ஒரு நாள் அளந்தேன். 1.5. அடுத்த பட்டியல் 86 அலகில் நின்றது.

கிணற்று மோட்டார் அரைக் குதிரை வலு. 560 வாட் இழுத்தது. ஆயிரம் லீற்றர் தாங்கி நிரம்ப 50 நிமிடம், அரை அலகுக்குச் சற்றுக் குறைவு. மகனின் குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. நான் எதிர்பாராதது டிஷ் பெட்டி. தொலைக்காட்சியை நிறுத்தினாலும் அது 9 வாட் தின்றுகொண்டே இருந்தது, மாதம் ஆறரை அலகு. இப்போது படுக்கும்முன் சுவர் ஆளியை அணைக்கிறோம்.

குறைகளும் இருக்கின்றன. உள்ளே இருந்த பொத்தான் மின்கலங்கள் வாங்கியபோதே தீர்ந்திருந்தன. முதல் முயற்சியில் பதினெட்டு மணி நேரம் ஓடியபின் மின்சாரம் நின்றது, சேர்ந்த கணக்கு முழுவதும் அழிந்தது. மனம் நொந்துபோனேன். மூன்று புதிய கலம் போட்டபின் அந்தத் தொல்லை இல்லை. கைபேசி மின்னேற்றியைச் சும்மா செருகினால் பூச்சியம் காட்டுகிறது. அது எதுவும் இழுக்கவில்லை என்று அர்த்தமல்ல, அவ்வளவு சிறியதை இந்த மானியால் பிடிக்க முடியாது. கூரை விசிறியைச் செருக வழியில்லை. அதற்குச் சிமிட்டல் எண்ணும் முறைதான். மோட்டாரை ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் ஓட்டவும் வேண்டாம்: எனக்கு 50 நிமிடத்திலேயே செருகிப் பக்கம் சூடேறியிருந்தது.

இப்போது மானி பக்கத்து வீட்டில் இருக்கிறது. அவர்கள் குளிர்சாதனப் பெட்டியும் கைமாற்றி வாங்கியதுதான். நாளை காலை ஏழு மணிக்கு முழு நாளாகும்.