மைக்கைக் காட்டிக்கொடுக்கும் பச்சைப் புள்ளி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

என் கைப்பேசித் திரையின் வலது மேல் மூலையில் அவ்வப்போது ஒரு பச்சைப் புள்ளி தோன்றி மறையும். கடுகை விடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம், அவ்வளவுதான். அதை முதலில் கவனித்தவர் நானல்ல, என் அம்மா. என் பேசியை வாங்கி அத்தைக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு, "இதென்னப்பா, மேல பச்சையா என்னவோ மின்னுது, நான் எதையாவது அமுக்கிட்டேனா?" என்று கேட்டார். அவர் கேட்டதற்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடியாமல் போனதால்தான், அந்தப் புள்ளியையும் அதைச் சார்ந்த தனியுரிமை வசதிகளையும் ஓராண்டாகத் தொடர்ந்து கவனித்து வந்தேன். என்னுடையது ஆண்ட்ராய்டு பேசி. ஒப்பிட்டுப் பார்க்க என் தம்பியின் ஐபோன் அவ்வப்போது கைக்குக் கிடைத்தது.

ஆண்ட்ராய்டில் இந்த அடையாளம் 2021 அக்டோபரில் வெளியான 12ஆம் பதிப்போடு வந்தது. ஒரு செயலி மைக்கையோ கேமராவையோ திறந்தவுடன் அதற்குரிய சிறு படத்துடன் ஒரு பச்சைப் பட்டை தோன்றி, சற்று நேரத்தில் புள்ளியாகச் சுருங்கிவிடும். திரையை மேலிருந்து கீழே இழுத்து அந்த அடையாளத்தைத் தொட்டால், பயன்படுத்தும் செயலியின் பெயர் தெரியும். முழுத்திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தாலும் புள்ளி மூலையில் வந்து நிற்கும் என்பது நல்ல ஏற்பாடு. ஆப்பிள் இதற்கு ஓராண்டு முன்பே, 2020 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 14இல், மைக்குக்கு ஆரஞ்சு, கேமராவுக்குப் பச்சை என இரண்டு நிறங்களைக் கொடுத்துவிட்டது. இந்த ஒன்றில் ஆப்பிளின் பக்கமே நான் நிற்பேன். சாலையிலும் ரயில் நிலையத்திலும் பச்சை என்றால் கவலையில்லை, போகலாம் என்று பழகிய கண்ணுக்கு, "இப்போது உன் குரல் பதிவாகிறது" என்ற செய்தியைப் பச்சையில் காட்டுவது பொருத்தமாக இல்லை. நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்காக ஐபோனில் அந்த ஆரஞ்சுப் புள்ளியைச் சதுரமாக மாற்றிக்கொள்ளும் வழியும் இருக்கிறது.

புள்ளி பொய் சொல்லாது. ஆனால் அது காரணமும் சொல்லாது. சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, துவரம்பருப்பு விலையைப் பார்க்க மளிகைச் செயலி ஒன்றைத் திறந்தேன்; பச்சை எரிந்தது. மளிகைக் கடைக்கு என் குரல் எதற்கு என்று கோபத்தோடு திரையை இழுத்துப் பார்த்தபோது அந்தச் செயலியின் பெயரே இருந்தது. நிறுவனத்துக்குக் காட்டமாக ஒரு மின்னஞ்சல் எழுதத் தொடங்கி, இரண்டாவது பத்தியில்தான் தேடல் பெட்டியின் ஓரத்தில் இருந்த மைக் படம் கண்ணில் பட்டது. பேசித் தேடுவதற்கான அந்தப் படத்தின் மீது என் கட்டைவிரல் பட்டிருக்கிறது. எப்போதோ ஒரு நாள் யோசிக்காமல் அனுமதியும் கொடுத்து வைத்திருக்கிறேன். மின்னஞ்சலை அழித்துவிட்டு அனுமதியை நீக்கினேன். புள்ளியைக் கண்டதும் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று முடிவு கட்டுவதை அன்றோடு விட்டேன்.

ஒரு கணம் தோன்றி மறையும் புள்ளியை விட, அதன் பின்னால் இருக்கும் தனியுரிமை டாஷ்போர்டையே நான் அதிகம் மதிக்கிறேன். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் சென்றால், கடந்த 24 மணி நேரத்தில் மைக், கேமரா, இருப்பிடம் ஆகியவற்றை எந்தெந்தச் செயலி எத்தனை மணிக்குத் தொட்டது என்று நேர வரிசையில் காணலாம். 13ஆம் பதிப்பில் இது 7 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. சனிக்கிழமைதோறும் காலைக் காப்பியோடு அதை ஒருமுறை புரட்டுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஐபோனில் இதற்கு இணையான செயலித் தனியுரிமை அறிக்கை 2021 டிசம்பரில் வந்த 15.2ஆம் பதிப்பில் சேர்ந்தது. அதை நாமே இயக்கி வைத்தால்தான் பதிவு தொடங்கும் என்பது அதன் குறை; செயலி எந்தெந்த இணைய முகவரிகளோடு தொடர்பு கொண்டது என்பதையும் சேர்த்துக் காட்டுவது, என் ஆண்ட்ராய்டு டாஷ்போர்டில் இல்லாத நிறை.

ஆண்ட்ராய்டின் அந்த டாஷ்போர்டும் தவறக்கூடியது. 2023 மே மாதம், ட்விட்டரில் பணிபுரிந்த பொறியாளர் ஒருவர், தாம் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வாட்ஸ்அப் பலமுறை மைக்கைப் பயன்படுத்தியதாகக் காட்டும் டாஷ்போர்டுப் படத்தை வெளியிட்டார். எலான் மஸ்க் வரை அதைப் பற்றிப் பேச, பெரும் பரபரப்பானது. கோளாறு ஆண்ட்ராய்டில் இருப்பதாக வாட்ஸ்அப் சொன்னது. அடுத்த மாதம் கூகுளும், டாஷ்போர்டில் தவறான பதிவுகள் தோன்றக் காரணமான பிழை ஒன்று இருந்ததை ஒப்புக்கொண்டு அதைச் சரிசெய்தது. ஆகவே ஒரே ஒரு விசித்திரமான வரியைக் கண்டு பதறாமல், மறுநாளும் அதே நேரத்தில் அதே செயலி வருகிறதா என்று பார்த்த பிறகே நான் சந்தேகப்படுகிறேன்.

அனுமதிகளைப் பொறுத்தவரை ஆண்ட்ராய்டு தெளிவாக முந்தி நிற்கிறது. 2018இல் வந்த 9ஆம் பதிப்பிலேயே, பின்னணியில் சும்மா கிடக்கும் செயலி மைக்கைத் தொட முடியாதபடி தடுத்துவிட்டார்கள். 2020இன் 11ஆம் பதிப்பு, இந்த ஒரு முறை மட்டும் என்ற அனுமதியையும், மாதக்கணக்கில் திறக்கப்படாத செயலிகளின் அனுமதிகளைத் தானே திரும்பப் பெறும் வழக்கத்தையும் கொண்டு வந்தது. என் பேசியில் வாட்ஸ்அப், கூகுள் மீட், விசைப்பலகையின் குரல்வழித் தட்டச்சு ஆகிய மூன்றுக்கு மட்டும் நிலையான அனுமதி; மற்றவை ஒவ்வொரு முறையும் கேட்டே ஆக வேண்டும். ஐபோனிலோ மைக்குக்கு அனுமதி உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகள். இருப்பிடத்துக்கு இருக்கும் "ஒரு முறை" என்ற நடுவழி மைக்குக்கு இல்லாதது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொரு வசதி, எல்லாச் செயலிகளுக்கும் ஒரே அடியாக மைக்கை மூடும் பொத்தான். திரையை இழுத்தால் வரும் விரைவு அமைப்புகளில் இருக்கும். இல்லையென்றால் பென்சில் படத்தைத் தொட்டு நாமே சேர்த்துக்கொள்ளலாம். இதைச் சோதிக்க, பொத்தானை அணைத்துவிட்டு ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, மைக்கைத் திறக்கட்டுமா என்ற கேள்விக்கு மறுப்புச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் சத்தமாகத் திருப்பாவை சொன்னேன். பதிவு ஓடியது, நேரம் ஏறியது. ஆனால் அலைக்கோடு தரையோடு தரையாகக் கிடந்தது, திரும்பக் கேட்டால் மூச்சுக்கூட இல்லை. செயலிக்கு வெறும் மௌனத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது ஆண்ட்ராய்டு. இன்னும் நுட்பமான ஒன்று: பொத்தான் அணைந்திருக்கும்போது பேசியின் அசைவு உணரிகள் தகவல் தரும் வேகத்துக்கும் கட்டுப்பாடு விழுகிறது. பேச்சின் அதிர்வு அந்த உணரிகளிலும் பதியக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்து அந்தச் சன்னலையும் சாத்தியிருக்கிறார்கள்.

ஆனால் மறதிக்காரர்களுக்கு இந்தப் பொத்தான் ஆபத்து. இரவு அணைத்துவிட்டுத் தூங்கியவன், காலையில் வந்த அழைப்பை அரைத்தூக்கத்தில் எடுத்து, திரையில் வந்த கேள்விப் பெட்டியைப் படிக்காமலே தள்ளிவிட்டேன். மாமா மறுமுனையில் ஏழெட்டு முறை "ஹலோ" சொல்லிவிட்டு, நான் வேண்டுமென்றே பேசவில்லை என்று அம்மாவிடம் புகாரும் செய்துவிட்டார்.

புள்ளி காட்டாதவற்றையும் சொல்ல வேண்டும். "ஹே கூகுள்" என்ற அழைப்புச் சொல்லுக்காகப் பேசி காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பச்சை எரிவதில்லை. சொல்லைக் கேட்டு, கூகுளின் குரல் உதவியாளரான அசிஸ்டன்ட் விழித்த பிறகே எரியும். அந்த வசதியே வேண்டாம் என்பவர்கள் அசிஸ்டன்ட் அமைப்புகளில் தனியாக அணைக்க வேண்டும். இயங்குதளத்தையே கைப்பற்றும் உயர்தர உளவு மென்பொருளுக்கு இந்தப் புள்ளி ஒரு பொருட்டும் இல்லை. அது வேறு நிலைப் போராட்டம். ஆண்ட்ராய்டு 11ஓ அதற்கு முந்தையதோ வைத்திருப்பவர்களுக்குப் புள்ளியே கிடையாது, அவர்கள் அனுமதிப் பட்டியலைக் கையால் சரிபார்ப்பதுதான் வழி.

இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: மின்விசிறி வாங்குவதைப் பற்றி வீட்டில் பேசினால் உடனே மின்விசிறி விளம்பரம் வருகிறதே, எப்படி? அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். மைக்கை இரகசியமாகத் திறந்து ஒலியை அனுப்பிய செயலி ஒன்றும் அகப்படவில்லை. மாறாக, திரையில் நடப்பதைப் படமாகவும் காணொளியாகவும் வெளியாருக்கு அனுப்பிய செயலிகள் சில அகப்பட்டன, அதற்கு எந்தப் புள்ளியும் எரியாது. மின்விசிறியைப் பற்றிப் பேசுவதற்கு முன்போ பின்போ அதே வைஃபையில் வீட்டில் யாரோ ஒருவர் அதைத் தேடியிருப்பார் என்பதே என் ஊகம். என் வீட்டில் அது பெரும்பாலும் நானாகவே இருக்கும்.

கடைசியாக, என் மைத்துனரின் பேசியில் பார்த்தது. கடன் செயலி ஒன்றுக்கு மைக், கேமரா, இருப்பிடம் மூன்றும் அனுமதிக்கப்பட்டே கிடந்தன. ஆள் அடையாளம் சரிபார்க்கும் காணொளி அழைப்புக்காக ஒரு நாள் கொடுத்தது. கடன் அடைந்தும் அனுமதி மூடப்படவில்லை. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் கடன் நெறிமுறைகள், கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றை வாடிக்கையாளரைச் சேர்ப்பதற்கும் அடையாளச் சரிபார்ப்புக்கும் மட்டும், அவருடைய வெளிப்படையான ஒப்புதலோடு, ஒரு முறை பயன்படுத்தலாம் என்றன. தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவுகள் பக்கம் போகவே கூடாது என்றன. ஏழு நாள் டாஷ்போர்டைப் பார்த்தோம், அந்தச் செயலி மைக்கைத் தொட்டிருக்கவில்லை. இருந்தாலும் மூன்று அனுமதிகளையும் நீக்கினார். பிறகு கடன்தான் முடிந்துவிட்டதே என்று செயலியையே நீக்கினார்.